பாஸ்தா தனியாக வேகட்டும்

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

சித்தி எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீயும் அங்கே நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் நினைப்பு.

மேலே என்ன போட்டு ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். 'அன்பு மகளுக்கு' என்று எழுதினால் நீ என்ன நினைப்பாயோ என்று இருந்தது. உன் பெயரை மட்டும் எழுதிப் பார்த்தால் ஏதோ ஆபீஸிலிருந்து வந்த நோட்டீஸ் மாதிரி இருந்தது. கடைசியில் உங்கப்பா உன்னைக் கூப்பிட்ட பெயரையே எடுத்துக்கொண்டேன். நாலு வயதிலேயே அவருடைய செருப்பை நேராக வைக்கச் சொல்லி அதட்டுவாயாம். அன்றைக்கு வைத்த பெயர் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

உன் கடிதம் நான் வேலை பார்க்கிற மூக்குக் கண்ணாடிக் கடை முகவரிக்கு வந்தது. நான் வீடு மாறியது உனக்குத் தெரிய வழியில்லை. ஏதோ லென்ஸ் கம்பெனி விளம்பரம் என்று நினைத்து முதலாளி அதை இழுப்பறையில் போட்டு மூன்று நாள் மறந்தே போய்விட்டார். நேற்று சின்ன ஸ்குரூடிரைவரைத் தேடும்போது கையில் அகப்பட்டது. உறையின் மேலே இருந்த எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 'ழ'வுக்கு அவ்வளவு நீளமாக வால் போடுகிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்? அப்போது ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துப் பலகையைப் பார்த்து, "கடைசி வரி மட்டும் தெரியலம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷம் எனக்கும் ஒரு வரியும் தெரியவில்லை.

நாலு வருஷம் கழித்து வந்த கடிதம். மொத்தமே ஐந்து வரி. "சித்தி, நாம சனிக்கிழமை வைக்கிற பாஸ்தா சூப்பை எழுதி அனுப்ப முடியுமா? அளவு சரியா ஞாபகம் இல்ல. சாப்பிட அடம் பிடிக்கிறவங்களுக்கும் பிடிக்கிற மாதிரி வேணும். நான் நல்லா இருக்கேன். உங்க முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். யார் அடம் பிடிக்கிறார்கள் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. முழங்கால் மழைக்கு மட்டும் வலிக்கிறது. மற்றபடி நடமாட்டத்துக்குக் குறைவில்லை.

சூப்புக்கு வருகிறேன். ராஜ்மாவை முதல் நாளே ஊறப் போட்டுவிடு. மூன்று பேருக்கு ஒரு கைப்பிடி தாராளம். மறுநாள் அதைக் குக்கரில் மசிகிற பதத்துக்கு வேகவிடு. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதே, சூப்புக்கு உடம்பு கொடுப்பதே அதுதான். அடி கனமான பாத்திரத்தில் ஒரு கரண்டி எண்ணெய், அதிலேயே கொஞ்சம் வெண்ணெய். பெரிய வெங்காயம் இரண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டுச் சின்னத் தீயில் வை. கண்ணாடி மாதிரி ஆகும்வரை வதக்க வேண்டும். எது கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று இத்தனை வருஷம் கடையில் உட்கார்ந்த நான் சொன்னால் நம்பலாம். நீ எப்போதும் இந்த இடத்தில்தான் அவசரப்படுவாய். வெங்காயம் ஓரத்தில் கறுத்துவிடும். "கொஞ்சம் கலர் வந்தாத்தான் டேஸ்ட்டு" என்று சமாளிப்பாய். உங்கப்பாவும் "ஆமா ஆமா" என்பார். நீ தார் காய்ச்சி வைத்திருந்தாலும் அவர் ஆமா என்றுதான் சொல்லியிருப்பார்.

பிறகு பூண்டு நாலைந்து பல் தட்டிப் போடு. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். பெரிய துண்டாகப் போட்டால் சாப்பிடப் பிடிக்காதவர்கள் அதை மட்டும் ஓரம் கட்டிவிடுவார்கள். தக்காளி நாலு, நன்றாகப் பழுத்தது. அதன் பச்சை வாசனை போகும்வரை வதக்கியே ஆக வேண்டும். அங்கே அவசரப்பட்டால் எல்லாம் சப்பென்று ஆகிவிடும். அப்புறம் ராஜ்மாத் தண்ணீரும் வெந்நீரும் ஊற்றி, ஒரு பிரிஞ்சி இலையைக் கிள்ளிப் போட்டு மூடி வை. காய் முக்கால்வாசி வெந்ததும் முட்டைக்கோஸ். வெந்த ராஜ்மாவில் ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து மத்தால் மசித்துக் கலந்துவிடு, மீதியை முழுசாகவே போடு. மசித்த அந்த ஒரு கரண்டியில்தான் சூப் தண்ணீராக ஓடாமல் கெட்டிப்படும்.

பாஸ்தாவைச் சூப்புக்குள் போட்டு வேகவிடாதே. ஏன் என்று உனக்கே தெரியும். அது தனியாக, உப்புத் தண்ணீரில் வேகட்டும். பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே வடித்துவிடு. கிண்ணத்தில் முதலில் பாஸ்தா, அதற்கு மேலே கொதிக்கக் கொதிக்கச் சூப், மிளகுத் தூள், இரண்டு சொட்டு எலுமிச்சை. ஆளுக்கு ஒரு கைப்பிடி பாஸ்தாவுக்கு மேல் வேண்டாம். சிப்பி வடிவம் கிடைத்தால் அதையே வாங்கு. அந்தக் குழிக்குள் சூப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதை எழுதும்போது அந்த மூன்றாம் மாடி வீடு அப்படியே கண்ணில் நிற்கிறது. ஊரில் உள்ளவர்களையெல்லாம் லிஃப்டில் ஏற்றி இறக்குகிற மெக்கானிக்கான உங்கப்பாவுக்குக் கடைசியில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்தான் வீடு கிடைத்தது. காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு அறுபத்து நாலு படி. அந்தச் சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் தாண்டிப் போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்து இஸ்திரிக் கடையின் ஆவி. சனிக்கிழமை மதியம் அந்த ஆவியும் நம் சூப்பின் ஆவியும் ஜன்னலில் முட்டிக்கொண்டு நிற்கும். நீ கண்ணாடியில் விரலால் படம் போடுவாய். உங்கப்பா வேலை முடிந்து வந்து முழங்கை வரைக்கும் சோப்புத் தூள் போட்டுக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டே, "மேனேஜரம்மா, இன்னைக்கு எத்தனை மணிக்கு சாப்பாட்டு மீட்டிங்?" என்று கேட்பார். நீ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் பதினோரு நிமிஷம், கைய நல்லா கழுவுங்க" என்பாய்.

நீ படிக்கக் கிளம்பிப் போன பிறகும் நாங்கள் இரண்டு பேரும் சனிக்கிழமையை விடவில்லை. அவர் கண் மூடிய பிறகு நான் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். இந்தச் சூப்பை ஒரு ஆளுக்கு வைக்க முடியாது. ஒரு கேரட், அரை உருளைக்கிழங்கு என்று போட்டால் அதற்கு அந்த ருசியே வருவதில்லை. விட்டுவிட்டேன்.

இப்போது கடைக்குப் பின் தெருவில் ஒரு அறை. தரைத் தளம், ஆகவே முழங்காலுக்கு நிம்மதி. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடம். காலையில் மணிச் சத்தத்தில்தான் விழிப்பு. அறை முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். சூப் எப்படி வந்தது என்று எழுதினால் சந்தோஷப்படுவேன். எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மற்றவர்கள் உடம்புக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறவள் நீ. உன் முதுகையும் கவனித்துக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்,
சித்தி


வியாழக்கிழமை

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

சித்தி எழுதுவது. உன் கடிதம் முந்தாநாள் கிடைத்தது. ஆறு பக்கம். போன முறை ஐந்து வரி எழுதியவள் இந்த முறை ஆறு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றால் அதில் எத்தனை நாள் பாரம் இருந்திருக்கும். அதனால் அன்றைக்கே பதில் எழுத உட்காரவில்லை. நாலு தடவை படித்தேன்.

கல்யாணச் செய்தியை நான்காவது பக்கத்தில், வீட்டு அடுப்பு சரியாக எரியவில்லை என்பதற்கு அடுத்த வரியில் எழுதியிருக்கிறாய். ஆறு மாதத்துக்கு முன்னால், பதிவு அலுவலகத்தில், இரண்டு கையெழுத்தோடு முடிந்தது என்று. அதைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். கோபமெல்லாம் இல்லை. அன்றைக்கு நீ என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாய் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். அடுத்த கடிதத்தில் எழுது.

மாப்பிள்ளை பேக்கரியில் ரொட்டி போடுகிறவர், விடிவதற்கு முன்னாலேயே வேலைக்குப் போய்விடுவார், அதிர்ந்து பேசத் தெரியாதவர் என்று எழுதியிருந்தாய். கேட்கவே நிறைவாக இருக்கிறது. அவருடைய பெண் குழந்தை கால் எலும்பு முறிந்து உன் ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், நீதான் அவளை மறுபடி நடக்க வைத்தாய் என்பதையும் படித்தேன். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு அடியாக வைத்து, கடைசி அடியில் உன் மேல் விழுந்து சிரித்த குழந்தை. அதே குழந்தை நீ வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, நீ வைத்ததைத் தொடுவதில்லை, பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு அது சரியாகத்தான் தெரிந்திருக்கிறது, கண்ணு. ஆஸ்பத்திரியில் நீ அவளுக்காக வந்தவள். வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா இருந்த இடத்தில் வந்து நிற்கிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன அம்மாவை ஏழு வயது எப்படி மறக்கும்?

சூப் வைத்தாய். அவள் ஒரு வாய் கூட வைக்காமல் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "எங்கம்மா இப்படி வைக்க மாட்டாங்க" என்றாள். மேசையெல்லாம் சிந்திவிட்டது. நீ, "அப்ப பட்டினியா கிட!" என்று கத்திவிட்டாய். அவள் அப்பா வரும்வரைக்கும் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தாள். இவ்வளவையும் எழுதிவிட்டு நீ கடைசிப் பக்கத்தில் ஒன்று எழுதியிருக்கிறாய். "உங்களுக்கு இருந்த பொறுமை எனக்கு இல்ல சித்தி. நான் அவ்வளவு பண்ணியும் நீங்க ஒரு தடவைகூட என்கிட்ட கத்தினதில்ல. அன்னைக்குக் கூட, அவளே கத்துக்கட்டும்னு வெளிய உக்காந்து விட்டுக் கொடுத்தீங்க. அந்த மனசு எனக்கு வராது. நான் இதுக்கு லாயக்கில்ல."

அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒன்றை நான் உன்னிடம் சொல்லியாக வேண்டும். உங்கப்பாவிடம்கூட நான் சொல்லாதது.

அந்தச் சனிக்கிழமையை நீ எத்தனையோ பேரிடம் கதையாகச் சொல்லியிருக்கிறாய். உன் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால் முதலில் அந்தக் கதைதான். சித்தி வெளியே உட்கார்ந்து, நான் தப்புப் பண்ணிக் கற்றுக்கொள்ளட்டும் என்று பொறுமையாக இருந்தார்கள் என்று முடிப்பாய். நான் பேசாமல் காபி கொடுத்துக்கொண்டிருப்பேன். நடந்தது அப்படியில்லை.

உனக்குப் பதினொரு வயது. நான் அந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதமும் நீ நான் சமைத்ததைத் தொடவில்லை. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்குப் பசிக்கல" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டு உள்ளே போய்விடுவாய். என்னை நீ எப்படியும் கூப்பிட்டதில்லை. சித்தியும் இல்லை, ஆன்ட்டியும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நிற்பாய், நானாகத் திரும்பிப் பார்க்கும்வரை. உங்கப்பா கண்டிக்கப் போனார். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அதை எல்லோரும் என் பெருந்தன்மை என்றார்கள். எனக்கு வீம்பு. நானாக ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பு. ஆறு மாதமாக விதவிதமாகச் சமைத்து, அப்படியே மூடி வைத்து, மறுநாள் நானே சூடு பண்ணித் தின்றேன்.

அன்றைக்கு உங்கப்பா ஏதோ ஒரு ஆபீஸ் லிஃப்டில் மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடிவிட்டார். நீ கையில் ஒரு பாஸ்தா பாக்கெட்டோடு வந்து நின்றாய். பள்ளிக்கூடத் தோழி வீட்டில் கொடுத்தது. "இன்னைக்கு எனக்கு நானே சமைச்சுக்கறேன். நீங்க உள்ள வராதீங்க" என்றாய். சரி என்றேன். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு, கடையிலிருந்து கொண்டுவந்த பிரேம்களுக்கு ஸ்குரூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே நடப்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. கேரட்டை நீ விறகு வெட்டுகிற மாதிரி வெட்டினாய். வெங்காயம் தீய்ந்தது. அப்புறம் சூப் கொதித்தது. அப்புறம் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம். அடுத்து சிப்பிகள் கொட்டுகிற சத்தம் ஆரம்பித்தது, நிற்கவில்லை. கூழாங்கல் லாரியைக் கவிழ்த்த மாதிரி. ஒரு ஆளுக்கு முழுப் பாக்கெட்டு.

எனக்குத் தெரியும், கண்ணு. அது என்ன ஆகும் என்று அந்தச் சத்தத்திலேயே தெரியும். 'போதும்மா, ஒரு கைப்பிடி போதும்' என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அந்த வார்த்தையையேதான் நினைத்தேன். பதினொரு வயதுக் குழந்தை தோற்றுப் போகட்டும் என்று முப்பத்து நாலு வயதுக்காரி கதவுக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தேன். என் கையில் இருந்த ஸ்குரூ இரண்டு தடவை கீழே விழுந்தது. எடுத்து எடுத்து மாட்டினேனே தவிர எழுந்து உள்ளே போகவில்லை.

பிறகு மூடி தட்டுகிற சத்தம். ஒரு பாத்திரத்தை இறக்குகிறாய். இன்னொரு பாத்திரம். அதற்கப்புறம் இன்னொன்று. கதவு திறந்தது. மூக்கு நுனியில் தக்காளி, கையில் கரண்டி, கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றாய். "சித்தி, அது நிக்கவே மாட்டேங்குது" என்றாய்.

அந்த வீட்டில் நான் கேட்ட முதல் 'சித்தி' அது. அதைக் கேட்கிற தகுதி அந்த நிமிஷத்தில் எனக்கு இல்லை. ஓடி வந்து அடுப்பை அணைத்தேன். மூன்று பாத்திரம் நிறையப் பாஸ்தா, சூப் என்று சொல்ல ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, எல்லாவற்றையும் அது குடித்துவிட்டது. உன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் சிரித்தேன். நான் சிரித்ததும் நீயும் சிரித்துவிட்டாய். உங்கப்பா வந்து வாசலில் நின்று மூன்று பாத்திரத்தையும் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். வெந்நீர் ஊற்றி, உப்புப் போட்டு, மூன்று நாள் மூன்று பேரும் அதையே தின்றோம். நாலாவது கிண்ணத்தில் அவர் கையைத் தூக்கி, "ஓவர்லோடு, கதவு மூடாது" என்றாரே, நினைவிருக்கிறதா? நீ என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. அதற்குப் பிறகுதான் நீ சொல்லி, நான் நறுக்கி, இந்தச் சூப் ஒரு வழிக்கு வந்தது.

ஆகையால் பொறுமைசாலி என்று என்னைத் தூக்கி வைத்து, உன்னை இறக்கிப் பார்க்காதே. நீயாவது வாயைத் திறந்து கத்தினாய். நான் வாயை மூடிக்கொண்டு செய்தேன். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. அப்பா போன அந்த வாரம். அவருடைய கருவிப் பெட்டியை அவரோடு வேலை செய்தவருக்கு நான் கொடுத்துவிட்டேன். நீ வந்து சேர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெட்டி மூலையில் இருந்தால் அவர் இதோ எழுந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார் போல இருந்தது. "ஒரு வார்த்தை என்கிட்ட கேக்கணும்னு உங்களுக்குத் தோணலையா?" என்று நீ கேட்டாய். நீ கேட்டது நியாயம். அதற்கு நான் கேட்டுக்கொள்ள வேண்டியது மன்னிப்பு. அதை விட்டுவிட்டு, உனக்குத் தலை பின்னியதிலிருந்து, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது, பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றது, சோறு போட்டது வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். ஆசையாகச் செய்ததையெல்லாம் ஒரு மதியத்தில் அசிங்கமாக்கிவிட்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாய். அறுபத்து நாலு படியும் உன் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. கூப்பிடவில்லை.

தப்பு என்னுடையது. பெட்டியைக் கொடுத்ததும் தப்பு, அதைவிடப் பேசியது தப்பு. மன்னித்துக்கொள்.

நீயும் அந்தக் குழந்தையிடம் போய்ச் சொல்லிவிடு. சுற்றி வளைக்காதே. "அன்னைக்குக் கத்தினது என் தப்பு" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். அவள் பதிலுக்குச் சிரிக்கிறாளா என்று நின்று பார்க்காதே. நான் இதைச் சொல்ல நாலு வருஷம் எடுத்துக்கொண்டேன். நீ நாலு நாளில் சொல்லிவிடு.

சாப்பிடு என்றும் சொல்லாதே. அவள் அம்மா எப்படிச் சமைப்பாள் என்று கேள். உன்னிடம் நான் அதைக் கேட்டதே இல்லை, கேட்கப் பயந்தேன். நீயாவது கேள்.

நல்லபடியாக இருங்கள் மூன்று பேரும்.

சித்தி


சனிக்கிழமை, மதியம்

என் அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுவது. இங்கே எல்லாம் நலம். இந்த முறை தாள் எதையும் கிழிக்கவில்லை.

உன் கடிதமும் அதற்குள் இருந்த போட்டோவும் கிடைத்தன. இளம் பச்சை உனக்கு எப்போதும் எடுப்பாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை கேமராவைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முதலாளியிடம் காட்டினேன். "யாரும்மா இது?" என்றார். "என் பொண்ணு, என் மாப்பிள்ளை" என்றேன். சொல்லிவிட்டுத்தான் உன்னைக் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நீ மன்னிப்பைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பதிலுக்கு, "அன்னைக்கு மதியம் படியிறங்கிக் கீழ வாசல்ல அரைமணி நேரம் நின்னேன், நீங்க ஜன்னலைத் திறப்பீங்களான்னு பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாய். நான் அப்போது கதவுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தேன், மேலே ஏறி வருகிற சத்தம் கேட்கிறதா என்று. இரண்டு பேரும் நல்ல ஆட்கள்தான், போ.

குழந்தையிடம் அவள் அம்மா சமையலைப் பற்றிக் கேட்டாயாமே. அரைமணி நேரம் கழித்து அவளாகவே வந்து, "எங்கம்மாவுக்குச் சமைக்கவே தெரியாது. அப்பாதான் பண்ணுவார்" என்றாளாம். அதைப் படித்துவிட்டு நான் கடையில் சத்தமாகச் சிரித்ததில், கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த அம்மா ஒருத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பாவம், இல்லாத சமையலோடு நீ இத்தனை நாள் போட்டி போட்டிருக்கிறாய்.

அப்புறம் நீ சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனதும், அவள் தானாக வந்து, கரண்டியால் சிப்பிகளை மட்டும் பொறுக்கி எடுத்து, குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவி, தட்டில் வட்டமாக அடுக்கித் தின்றாள் என்று எழுதியிருந்தாய். கழுவித் தின்றாலும் தின்றாள் அல்லவா? அடுத்த நாளும் கழுவட்டும். ஒருநாள் கழுவச் சோம்பலாக இருக்கும். அன்றைக்குச் சூப்போடு தின்பாள். பதினேழு சிப்பி என்று நீ கதவுக்குப் பின்னால் நின்று எண்ணியிருக்கிறாய் பார், அதில் எனக்கு உன்னைப் பற்றி இருந்த கவலை போய்விட்டது.

கடைசியில், "பத்து நாளாவது வந்து இருந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டிருக்கிறாய். முதலாளி லீவு தந்துவிட்டார். அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பத்து நாள் அதிகம் என்று தோன்றினால் தயங்காமல் சொல், ஐந்து நாளில் கிளம்பிவிடுகிறேன். எனக்குத் தனி அறையெல்லாம் தேட வேண்டாம். படுக்க ஒரு மூலை இருந்தால் போதும். மாப்பிள்ளைக்குத் தைக்காத சட்டைத் துணி வாங்கியிருக்கிறேன், அளவு தெரியாததால். குழந்தைக்கு என்ன வாங்குவது என்று தெரியவில்லை. வெறுங்கையோடு வந்து, அவளையே கடைக்குக் கூட்டிப்போய்க் கேட்டு வாங்கலாம் என்று இருக்கிறேன்.

ஸ்டேஷனுக்கு அவளையும் அழைத்து வா. நான் பெட்டியோடு இறங்கி வரும்போது, "இவங்க யாரு?" என்று அவள் உன்னைக் கட்டாயம் கேட்பாள். நீ அவளிடம் என்ன சொல்லலாம் என்று இப்போதே யோசித்து வைக்காதே. அந்த நேரத்தில் உன் வாயில் எது வருகிறதோ அதைச் சொல். எதுவானாலும் எனக்குச் சம்மதம். கொஞ்சம் சத்தமாக மட்டும் சொல்லம்மா. இப்போதெல்லாம் எனக்கு இடது காது அவ்வளவாகக் கேட்பதில்லை, ஸ்டேஷனில் இரைச்சல் வேறு இருக்கும்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

சித்தி